'பார்த்தாச்சு' என்று தோன்றிய பிறகும் நின்று பார்ப்பது எப்படி

ஒரு பூவையோ ஓவியத்தையோ பார்க்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே மனம் 'சரி, பார்த்தாச்சு' என்று சொல்லிவிடுகிறது. என்ன பொருள் என்று தெரிந்துவிட்டது, என்ன நிறம் என்று தெரிந்துவிட்டது, இனி அடுத்ததற்குப் போகலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற ஓவியங்களின் முன் வந்து நின்றவர்களைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2001இல் வெளியானது. ஒரு படத்தைப் பார்க்க ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள்ளேயே நகர்ந்துவிட்டார்கள். மரத்தடியில் நின்று பார்ப்பவர்களை யாராவது இப்படிக் கணக்கெடுத்தால் அந்த நேரமும் இதைவிடப் பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

"எனக்கு ரசனை போதாதுங்க, படத்தைப் பார்த்தா ஒண்ணும் தோணாது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் ரசனை இருக்கிறது. அது வேலை செய்ய நேரம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். கலையை ரசிக்க ஒரு கண், இயற்கையை ரசிக்க இன்னொரு கண் என்று யாருக்கும் கிடையாது. இலையில் பழகிய கண்தான் ஓவியத்திலும் உதவும், ஓவியத்தில் பழகியது திரும்ப இலைக்கு வரும். அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு பென்சில், கோடு போடாத நோட்டு, ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 1: ஒரே ஓர் இலை, பத்து நிமிடம்

தொடக்கத்தில் மலை, அருவி, பெரிய கலைக்கூடம் எதுவும் வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஓர் இலை போதும். பறிக்க வேண்டாம், செடிக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். கைபேசியில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அதைக் கவிழ்த்து வையுங்கள்.

முதல் நிமிடம் சுலபமாகப் போகும். பச்சை, நீளம், கூரான நுனி. இரண்டாவது நிமிடத்தில் பார்த்ததையே திரும்பப் பார்ப்பீர்கள். மூன்றாவது நிமிடத்தில் சலிப்பு வரும். செய்யாமல் விட்ட வேலையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். எல்லாரும் எழுந்துவிடும் இடம் அதுதான். நீங்கள் எழாதீர்கள். பெயர் சொல்லி முடித்த மனம் ஓய்ந்த பிறகுதான் கண் தானாக அலையத் தொடங்கும். விளிம்பில் உள்ள பற்கள் எல்லாம் ஒரே அளவா? நடு நரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகள் நேருக்கு நேராகப் பிரிகின்றனவா, மாறி மாறியா? மெதுவாக இலையைத் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் வெளிறியிருக்கும், நரம்புகள் புடைத்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மேலிருந்து பார்க்கும்போது இல்லாத ஒரு வலைப்பின்னலே உள்ளே தெரியும்.

எனக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது ஒரு கோடு. பல செடிகளின் இலைகளில் வெள்ளையாக, வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நத்தை ஊர்ந்த தடம் மாதிரி. ஏதோ நோய் என்று நினைத்துப் பல வருடம் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாள் இப்படிப் பத்து நிமிடம் உட்கார்ந்தபோதுதான், அந்தக் கோடு ஒரு முனையில் மயிரிழை போலத் தொடங்கி, போகப் போக அகலமாவது கண்ணில் பட்டது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இருந்துகொண்டு, உள்ளே உள்ள பச்சையைத் தின்றபடியே நகரும் ஒரு புழுவின் பாதை அது. இலைத் துளைப்பான் என்பார்கள். சின்ன ஈக்களிலும் அந்துப்பூச்சிகளிலும் இந்த வகை உண்டு. முட்டையிலிருந்து வந்தபோது அது மயிரிழை. தின்னத் தின்ன உடம்பு பருத்தது, பாதையும் அகன்றது. பாதைக்குள் கருப்பாக ஒரு மெல்லிய வரி தெரிந்தால் அது புழுவின் எச்சம். ஓர் உயிர் பிறந்தது முதல் வளர்ந்ததுவரை எல்லாம் விரல் நீள இலையில் எழுதியிருக்கிறது. அன்றைக்கு அந்தச் செடியைவிட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.

படி 2: வரையுங்கள், ரப்பர் வேண்டாம்

அடுத்த நாள் அதே இலையை வரையுங்கள். நன்றாக வர வேண்டியதில்லை. தாளைப் பார்க்கும் நேரத்தைவிடப் பொருளைப் பார்க்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. கோடு தப்பினால் அழிக்காமல் பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள்.

இந்த நரம்பு விளிம்பைத் தொடுகிறதா, அதற்கு முன்பே வளைந்துவிடுகிறதா? பென்சிலை வைத்தவுடன் இப்படி ஒரு கேள்விக்காவது பதில் சொல்லியாக வேண்டும். சும்மா பார்க்கும்போது கண் இதைத் தாண்டிவிடும். கைக்குத் தாண்ட வழியில்லை. ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் இ கஹால் சிறுவயதில் ஓவியனாக ஆசைப்பட்டவர். மருத்துவரான அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. மகனும் மருத்துவம் படித்தார், ஆனால் பென்சிலை விடவில்லை. நுண்ணோக்கியில் பார்த்த நரம்பு செல்களை வாழ்நாள் முழுவதும் கையால் வரைந்து தள்ளினார். நரம்பு மண்டலம் தனித்தனி செல்களால் ஆனது என்று நிறுவிய பணிக்காக 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் இரண்டு நூற்றாண்டு முன்னால் மரியா சிபில்லா மெரியன் என்ற பெண் ஓவியர் 1699இல், 52 வயதில், பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்து தென்னமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார். புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி மூன்றையும் அவை வாழும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். அவருடைய படங்களில் இலைகள் கடிபட்டிருக்கும். பார்த்தபடியே வரைந்தவர் அவர்.

புகைப்படம் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வரைந்து முடித்த பிறகு எடுங்கள். முதலில் எடுத்துவிட்டால், 'பார்த்தாச்சு' என்ற எண்ணம் அந்த ஒரு க்ளிக்கிலேயே வந்துவிடும்.

படி 3: 'அழகா இருக்கு' என்று எழுதாமல் எழுதுங்கள்

படத்தின் கீழே மூன்று நான்கு வரி எழுதுங்கள். அழகு, அருமை, பிரமாதம் ஆகிய சொற்களுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். எது உங்களை நிறுத்தியதோ அதை எழுதுங்கள்.

இந்த வேலைக்குத் தமிழ் பெரிய துணை. இலை என்று ஒரே சொல்லில் நாம் முடிப்பதை, கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு நிலை. விரிந்தது மலர், நன்றாக மலர்ந்து அகன்றுவிட்டால் அலர், உதிர்வது வீ, வாடிச் சிவந்து கிடப்பது செம்மல். இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் ஒரே செடியின் முன்னால் நாள் கணக்கில் நின்றிருக்க வேண்டும். சொல் கையில் இருந்தால் கண் தேடும். ஒரு பூச்செடியைத் தேர்ந்தெடுத்து ஏழில் எத்தனை நிலை ஒரே நேரத்தில் அதில் இருக்கிறது என்று பாருங்கள். செம்மலைத் தேடித் தரையில் குனிகிற முதல் நாளே, உதிர்ந்த பூவுக்கும் ஓர் அழகு உண்டு என்று தெரிந்துவிடும்.

எண்ணுவதும் எழுதுவதில் சேர்த்திதான். சூரியகாந்திப் பூவின் நடுவே விதைகள் இரண்டு பக்கமும் சுழன்று போகும். ஒரு சுழலில் புள்ளி வைத்துக்கொண்டு எண்ணினால் ஒரு பக்கம் 34, எதிர்ப்பக்கம் 55 என்று பல பூக்களில் வரும். பெரிய பூவானால் 55, 89. ஒவ்வொரு புது விதையும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளி முளைப்பதால் வரும் கணக்கு இது. இதே எண்களை எல்லா ஓவியத்திலும் எல்லாக் கட்டடத்திலும் கண்டுபிடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பூவில் எண்ணிப் பார்க்க முடிகிறது, அதனால் பூவை நம்புகிறேன்.

படி 4: பொருளை விட்டு வெளிச்சத்தைப் பாருங்கள்

வெயில் நேரத்தில் அடர்ந்த மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் முக்கோணமும் கீறலுமாக ஒழுங்கே இல்லாமல் இருக்கின்றன. அவற்றின் வழியாகத் தரையில் விழும் வெளிச்சமோ வட்டம் வட்டமாக, காசு இறைத்த மாதிரிக் கிடக்கிறது. ஓட்டையின் வடிவம் ஏன் தரைக்கு வரவில்லை?

ஏனென்றால் அந்த வட்டம் ஓட்டையின் நிழலுரு கிடையாது. அது சூரியனின் படம். ஒவ்வொரு சந்தும் ஓர் ஊசித்துளை கேமராவாக இருந்து, ஒரு முழுச் சூரியனைத் தரையில் போடுகிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒளி நேராக விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். நீள்வட்டமாகத் தெரிந்தது வட்டமாகும். சந்து 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 4.6 சென்டிமீட்டர் இருக்கும். கிளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ வட்டம் அவ்வளவு பெரிது, அவ்வளவு மங்கல். சூரியனை மேகம் மறைக்கத் தொடங்கும்போது பார்த்தால், எல்லா வட்டத்திலும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து மேகம் நுழையும், படம் தலைகீழாக விழுவதால். பகுதிச் சூரிய கிரகணம் வரும் நாளில் மரத்தடி முழுக்கப் பிறைகள். சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும். தரையில் கிடக்கும் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வானவில்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் மழை பெய்ய வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 பாகை விலகித்தான் வில் தெரியும். அதனால் சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால், சமதரையில் நிற்பவருக்கு மழையில் வில் தெரியாது. காலையிலும் மாலையிலும் தேடுங்கள். வில் கிடைத்ததும் போய்விடாமல் அதற்கு வெளியே, 51 பாகை வாக்கில், மங்கலான இரண்டாவது வில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நிறங்களின் வரிசை தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வானம் மற்ற இடத்தைவிட இருண்டிருக்கும். எத்தனையோ முறை வானவில் பார்த்தவர்கள்கூட இந்த இருட்டுப் பட்டையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

காரணம் தெரிந்தால் வியப்பு போய்விடாதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு மயிலிறகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீல நிறமியும் இல்லை, பச்சை நிறமியும் இல்லை. இருப்பது மெலனின், பழுப்பு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலமும் பச்சையும் பிறக்கின்றன. இறகைச் சாய்த்தால் நிறம் மாறும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பழுப்பு தெரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மயிலிறகைக் கையில் எடுத்தால் சும்மா கீழே வைக்க முடிவதில்லை, திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

படி 5: இப்போது ஓவியத்தின் முன்

அருங்காட்சியகத்தில் முதலில் ஓர் அறையை வேகமாகச் சுற்றி வாருங்கள். எந்தப் படம் திரும்பிப் பார்க்க வைத்ததோ அதனிடம் போங்கள். பக்கத்தில் உள்ள பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள்; பலகை சொன்னதை மட்டும் படத்தில் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். முழுப் படமும் தெரியும் தூரத்தில் நின்று, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மிகப் பிரகாசமான இடம் எது, எந்த விளிம்பு கூர்மை, எது கரைந்து போகிறது என்று பாருங்கள். பிறகு, காவலர் அனுமதிக்கும் அளவுக்கு, கிட்டே போங்கள். மறுபடி பின்னால் வாருங்கள். திரும்பி நின்று, நினைவில் நிற்பதை உங்களுக்குள் சொல்லிப் பார்த்து, படத்தோடு ஒப்பிடுங்கள். பலகையைக் கடைசியில் படிக்கலாம். ஒரு நாளுக்கு மூன்று படம் போதும். அருங்காட்சியகச் சோர்வு என்பது 1916லேயே பேசப்பட்ட விஷயம். கால் வலித்தால் கண்ணும் மூடிக்கொள்ளும்.

பக்கத்தில் அருங்காட்சியகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் போன்றவை தங்கள் ஓவியங்களைத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒரே எச்சரிக்கை, அளவைப் படியுங்கள். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு.

கிட்டே போவதற்கும் விலகுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நல்ல படம், டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த முத்துக் காதணி அணிந்த பெண். ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 44.5 சென்டிமீட்டர் உயரம், 39 அகலம். நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கலாம். தூரத்திலிருந்து அந்த முத்து கனமாக, குளிர்ச்சியாகத் தொங்குகிறது. கிட்டே போனால் முத்தே இல்லை. மேலே இடதுபக்கம் தடிப்பாக ஒரு வெள்ளைப் பூச்சு, கீழே சட்டையின் வெள்ளைக் கழுத்துப்பட்டை பிரதிபலிப்பதாக ஒரு மங்கலான தீற்று. காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை. மூக்கின் ஒரு பக்கத்துக்கு எல்லைக்கோடும் கிடையாது, கன்னத்தோடு கலந்துவிடுகிறது. மிச்சம் முழுவதையும் பார்ப்பவரின் கண்தான் செய்து முடிக்கிறது.

ஆனால் ஒரே ஒரு படத்தை மட்டும் பாருங்கள் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வது வேறொன்று. 1503இல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் நீர்வண்ணத்தில் வரைந்த புல்திட்டு. வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் 40க்கு 31 சென்டிமீட்டர். அதில் மனிதர் இல்லை, மலை இல்லை, கதையும் இல்லை. ஒரு பிடி மண், அதில் முளைத்த புல், மொட்டுபோல் மூடிய தலையோடு நிற்கும் டேன்டிலயன் என்ற மஞ்சள் பூச்செடி, அகன்ற இலைகளோடு ஒரு களைச்செடி. பின்னால் வெறும் தாள். மேலிருந்து குனிந்து பார்த்த பார்வை அதில் இல்லை. கண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கி, புல்லுக்குச் சமமாக வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். கீழே ஈர மண்ணில் வேர்கள்கூடத் தெரிகின்றன. மிதித்துப் போகிற ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்த் தரையில் படுத்து ஒரு சாண் புல்லைப் பாருங்கள். முதல் படியில் இலையோடு உட்கார்ந்த பத்து நிமிடம் அங்கே கைகொடுக்கும்.

சிற்பமானால் நடந்து பார்க்க வேண்டும், பக்கவாட்டில் விழும் வெயிலில் பார்க்க வேண்டும். உச்சி வெயில் புடைப்புகளைத் தட்டையாக்கிவிடும். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பெரிய தபசுப் பாறையில் யானைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யானைகளுக்கு அருகில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றிலும் எலிகள். மேலே ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியின் அதே நிலை. சிற்பி அதை யாருக்காகச் செதுக்கினாரோ, நின்று தேடிப் பார்ப்பவருக்கே அது கிடைக்கிறது.

உருவமே இல்லாத நவீன ஓவியங்களுக்கும் இதே முறைதான். பிடிக்காமல் போகலாம். பத்து நிமிடம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் அதுவும் உங்கள் ரசனைதான், கூச்சப்பட வேண்டாம்.

படி 6: இருட்டில் அரை மணி நேரம்

நிலவில்லாத இரவில், விளக்குகளிலிருந்து விலகிய இடத்தில் நில்லுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வெளிச்சம் தேவையானால் மங்கலான சிவப்பு விளக்கு.

மங்கலான ஒன்றைப் பார்க்க அதை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். விழித்திரையின் நடுப்புள்ளியில் இருட்டில் வேலை செய்யும் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. கார்த்திகைக் கூட்டத்தில் நேராகப் பார்த்தால் ஐந்தாறு விண்மீன். பார்வையை நகர்த்தினால் இன்னும் ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கும், சாதாரண பைனாகுலரில் டஜன் கணக்கில். அவை ஏறத்தாழ 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. இன்று உங்கள் கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது உலகில் தொலைநோக்கி இல்லை. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் ஒளி 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வந்தது.

நிலவைப் பார்க்க முழுநிலவு நாள் ஏற்றதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்று நிழலே விழாது. பாதி நிலவில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தைப் பைனாகுலரில் பாருங்கள். பள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். மெல்லிய பிறையின்போது மீதி வட்டம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதே, அது பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் நிலவுக்குப் போய்ச் சேர்வதால். இதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்னவர் லியனார்டோ டா வின்சி, ஓவியர்.

படி 7: மறுபடி போங்கள்

பிரெஞ்சு ஓவியர் மோனே 1892, 1893 ஆண்டுகளில் ரூவன் நகரத் தேவாலயத்துக்கு எதிரே அறை வாடகைக்கு எடுத்து, அதன் முகப்பை மட்டும் 30 தடவைக்கு மேல் வரைந்தார். பல கித்தான்களை வரிசையாக வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறும்போது அடுத்த கித்தானுக்கு மாறினார். கல் ஒன்றுதான். காலையில் நீலம், நல்ல வெயிலில் பொன், மேகம் மூடிய நாளில் சாம்பல்.

நீங்களும் ஒரு மரத்தையோ ஒரு படத்தையோ உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, வெவ்வேறு நேரத்தில் போங்கள். தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது, புதிதாக ஒன்று. இவ்வளவு எழுதினால் போதும். சில வாரம் எதுவும் கிடைக்காது. அப்போது 'எதுவும் இல்லை' என்றே எழுதிவிட்டு வாருங்கள்.

அந்த வெள்ளைக் கோடு ஓடிய இலையை இரண்டு வாரம் கழித்துத் தேடிப் போனேன். ஓரம் பழுத்திருந்தது. கோட்டின் அகலமான முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல்தோலில் பிறை வடிவில் ஒரு சின்னக் கீறல், உள்ளே காலி. நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, பக்கத்து இலையைத் திருப்பினேன். அதில் மயிரிழை போல ஒரு கோடு தொடங்கியிருந்தது.